முப்பத்து நான்காம் கட்டம்

ஐந்து ரோட்டில், ஜெராக்ஸ் கடைக்கு மேலே
இரண்டாம் மாடி.
இரவு பதினொன்றரை. லண்டனில் மாலை ஆறு.
கீழே கொத்துப் பரோட்டாக் கல் அதிர்கிறது.
மேலே நானும்
நாற்பது மூட்டை ஜவ்வரிசியும்.

மூட்டைகள் இங்கே இல்லை.
பிரான்சுக் கரையில், கலே துறைமுகத்தில்,
கடலைத் தாண்டிவிட்டு
ஒரு கம்பி வேலியைத் தாண்டாமல்
ஆறு நாளாய் நிற்கின்றன.

போன தை வரை இப்படியில்லை.
ஆத்தூர் மில்லில் வறுத்து, சலித்து, வாய் தைத்து
தூத்துக்குடியில் கப்பலேற்றினால்
என் வேலை முடிந்தது.
யோகராசா அண்ணன் லண்டனில் இறக்குவார்.
தன் கடைக்குப் போக மிச்சத்தை வேனில் அடுக்கி
இரவோடு இரவாகப் பாரிஸ் ஓட்டுவார்.
தவமலர் அக்கா ஷட்டரைத் தூக்கும்போது
வாசலில் மூட்டை இருக்கும்.
காகிதம் என்று பார்த்தால் ஒரு துண்டுச் சீட்டு:
ஜவ்வரிசி நாற்பது. மிளகாய்த்தூள் காசு பிறகு.

இப்போது அந்த நாடு
கூட்டுக்குடும்பத்தை விட்டுப்
பாகம் பிரித்துக்கொண்டு போய்விட்டது.
எனக்கு இது புதிதல்ல.
ஓமலூர்க் காட்டைப் பிரித்தபோது
அப்பாவும் பெரியப்பாவும்
தென்னையை எண்ணினார்கள், கிணற்றில் முறை வைத்தார்கள்,
ஆட்டுரலைக்கூட விடவில்லை.
வண்டித்தடத்தை மறந்துவிட்டார்கள்.
ஒன்பது வருஷமாக வாய்தா நடக்கிறது.

படிவத்தில் முப்பத்து நான்காம் கட்டம்:
பொருள் பிறந்த நாடு.

"இங்கிலாந்து எண்டு போடேலாதோ, பிள்ளை?
இஞ்ச இறக்கி, இஞ்ச வரி கட்டி,
இஞ்சதானே சின்னப் பையில போட்டது?"

பையை மாற்றினால் பிறப்பு மாறாது, அண்ணே.
லண்டனில் கட்டியது லண்டனோடு போயிற்று.
கலேயில் இன்னொரு தடவை கட்ட வேண்டும்.

கொஞ்ச நேரம் அவர் பக்கம்
வேன் இன்ஜின் மட்டும் பேசியது.
"நான் வவுனியாவில பிறந்தவன்.
முப்பது வருசத்தில எனக்கு எழுதித் தந்திட்டாங்கள்,
பிரித்தானியன் எண்டு.
மூட்டைக்குத் தரமாட்டாங்களோ?"

சிரித்தார். நானும் சிரித்தேன்,
அவர் நிறுத்தியதற்குப் பிறகும் கொஞ்சம்.

உண்மையில் யாராவது தோண்டிக் கேட்டால்
குச்சிக்கிழங்குக்கே ஆத்தூர் சொந்த ஊரில்லை.
பிரேசில் பக்கமிருந்து எவனோ ஒருவன்
கப்பலில் குச்சியாகக் கொண்டுவந்தான்.
எந்தத் துறைமுகத்தில் இறக்கினான்,
என்ன எழுதிக் கொடுத்தான், யாருக்குத் தெரியும்?
இதைச் சொல்ல கட்டம் இல்லை.
இரண்டு எழுத்துக்குத்தான் இடம்.

'இந்தியா' என்று அடித்தேன்.
வரி வந்து விழுந்தது.
மூட்டை நின்ற நாளுக்கு வாடகை,
இல்லாத முத்திரைக்காக மரப்பலகைக்கு அபராதம்,
எங்கள் முதலாளி சடையப்பனின் கையெழுத்து
சாய்ந்திருக்கிறது என்று ஒரு குறிப்பு.
எல்லாம் கூட்டிக் கிலோவில் வகுத்தால்
பாரிஸில் யாரோ வீட்டுப் பாயசம்
ஒரு டம்ளர் குறையும்.

"அடுத்தமுறை நேரா அவவுக்கே அனுப்பு, பிள்ளை.
இடையில நான் எதுக்கு?"
விலை கேட்கிற குரலில்தான் சொன்னார்.

தூத்துக்குடி – ரோட்டர்டாம் – பாரிஸ்.
புதிய கொட்டேஷன் திறந்தேன்.
பெறுநர்: தவமலர்.
பழைய கோப்பில் அவர் பெயர் இருந்த வரியை
அழிக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை.
மென்பொருளே கேட்டது:
இந்த வரி காலியாக உள்ளது, நீக்கலாமா?

பிறகு பார்க்கலாம் என்று அழுத்தினேன்.

கல்லைக் கழுவுகிறார்கள்.
சாம்பிள் பொட்டலம் கிழிந்து சிந்தியதில்
விசைப்பலகையில் ஒரு மணி
மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே சிக்கியிருக்கிறது.
ஊசியால் நெம்பினேன்.
இன்னும் உள்ளே போனது.