நடுப் பத்தி

பாகாயம் ஆஸ்பத்திரியில் கொடுத்த நோட்டில்
பக்கத்துக்கு மூன்று பத்தி.
முதலாவது: நடந்தது.
மூன்றாவது: பட்டது, நூற்றுக்கு எவ்வளவு.
நடுவில் இருப்பது:
அப்போது என்ன நினைத்தீர்கள்.

முதலாவது சுலபம்.
செவ்வாய்க்கிழமை. ராணிப்பேட்டை ஷூ கம்பெனி, தையல் பிரிவு.
சூப்பர்வைசர் பத்மாசினி மேடம்
என் மிஷினைத் தாண்டிப் போய்
அடுத்த மிஷின் ரெபேக்காவைப் பார்த்துச் சிரித்தார்.
மூன்றாவதும் சுலபம்.
எண்பத்தைந்து.

நடுவில்?
நான் ஒன்றும் நினைக்கலையே டாக்டர்,
வயிறுதான் இறங்கிச்சு.

இறங்குமுன் ஒரு வரி வந்திருக்கும் என்றார்,
மெதுவாகப் பாருங்கள்.

இரண்டாம் நம்பர் பஸ்ஸில்
கம்பியைப் பிடித்தபடி பார்த்தேன்.
தோலில் ஊசி இறங்குகிற வேகம் அதற்கு.
துளைதான் கண்ணுக்குத் தெரியும்,
ஊசி தெரியாது.
முனை திரும்பும் இடத்தில்
மிதியிலிருந்து காலை எடுத்து
சக்கரத்தைக் கையால் சுற்றுவோமே,
அப்படிச் சுற்றினேன்.
கிரீன் சர்க்கிள் நெரிசலில் வந்தது வரி:
'உன்னை எடுத்துடப் போறாங்க.'

என் குரல்கூட இல்லை.
வாலாஜாவில் பழைய கம்பெனியைப் பூட்டிய காலையில்
கேட்டருகே பீடியோடு நின்ற
வாட்ச்மேனின் குரல்.
ஆறு வருஷமாக
எனக்குள்ளே வேலை பார்த்திருக்கிறார்,
சம்பளமில்லாமல்.

சாட்சி உண்டா என்று விசாரிக்கச் சொல்லியிருந்தார்கள்.
மறுநாள் நானே போய் வணக்கம் வைத்தேன்.
'நேத்து கண்ணாடி மறந்துட்டேன்மா,
ஒருத்தர் முகமும் தெரியலை.'
எண்பத்தைந்து முப்பதாயிற்று.
மிச்ச முப்பது ஏனென்றால்
கண்ணாடி இல்லாமலும்
ரெபேக்காவைத் தெரிந்திருக்கிறதே.

அடுத்த மாதம் ஆர்டர் குறைந்து
பதினோரு பேரை நிறுத்தினார்கள்.
வாட்ச்மேன் பொய் சொல்லவில்லை,
ஆளைத்தான் மாற்றிச் சொல்லிவிட்டார்.
பட்டியலில் ரெபேக்கா இருந்தாள்.
டிபன் பாக்ஸையும் கத்தரியையும்
ஒரே பையில் போட்டுக்கொண்டு
என்னைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனாள்.

அன்றிரவு நோட்டைத் திறந்தேன்.
முதல் பத்தியில் அவள் பெயர்.
மூன்றாவதில் எந்த எண்ணும் நிற்கவில்லை,
எழுதி எழுதி அடித்தேன்.
நடுப் பத்திக்கு மட்டும்
தேட வேண்டியிருக்கவில்லை:
'நல்லவேளை, நான் இல்லை.'

இந்த முறை ஊசி
நிதானமாகத்தான் இறங்கியது.
குரலும்
என்னுடையதுதான்.