மூன்று சொற்கள்

சாவி, பாலம், ஆப்பிள்
என்கிறார் மருத்துவர் ஸார்மீதெ.
சாவி, பாலம், ஆப்பிள்
என்கிறான் ஓயார்ஸ், முதல் வகுப்புப் பையனைப் போல.
ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால்
எந்தச் சொற்கள், என்கிறான்.

லியபாயாவில் பிப்ரவரி.
காற்று கொடிக்கம்பத்துக் கயிற்றை
விடாமல் அடித்துக்கொண்டிருக்கிறது.
அவன் கைக்குள் இறங்கும் மருந்து மஞ்சள் நிறம்.
வெறும் வைட்டமின்தான் என்கிறாள் தாதி,
கறுப்பு ரொட்டியில் இருப்பதுதான்.

இருபத்தாறு வருடம் அடுப்பு முன் நின்றவன்.
இரவுக்கு எண்ணூறு கறுப்பு ரொட்டி.
கடைசிக் காலத்தில் அதில் ஒரு துண்டைப் பிட்டு
வாயில் வைத்திருப்பானா?
குடியே சோறு, குடியே கஞ்சி.

நான் தயாராகத்தான் வந்தேன்.
பேருந்தில் மூன்று மணி நேரம் உதடசைத்து ஒத்திகை:
அடகுக்குப் போன தையல் மெஷின்.
தொண்ணூற்று நான்கு டிசம்பர், பனியில்,
பூட்டிய கதவுக்கு வெளியே நான்.
வலது காதில் இன்றுவரை ஒலி நுழையாத
அந்த ஓர் அறை.

உள்ளே போனதும்
"ஜித்ரா! தலைமுடியை ஏன் வெட்டினாய்?"

கால்களை அகட்டி எழுந்தான், ஆடும் படகில் நிற்பவனாய்.
தரை எங்கே என்று பாதங்களுக்குத் தெரியவில்லை.
கண்மணிகள் பக்கவாட்டில் துடித்துத் துடித்து
என்மேல் நிற்கப் பார்த்தன.
"நேற்று உன் சைக்கிளுக்குச் செயின் மாட்டிவைத்தேனே, பார்த்தாயா?"

மாட்டினான்.
எண்பத்தேழு ஜூனில். நகக்கண்ணெல்லாம் கிரீஸ்.
கல்யாணத்துக்குப் பதினொரு நாள் இருந்தது.

பொய் சொல்லவில்லை அவர், என்கிறார் ஸார்மீதெ.
பள்ளம் விழுந்த இடத்தில்
கைக்குக் கிடைத்ததைப் போட்டு மூடுகிறது மூளை.

என்னை அடித்தவன்
விலாசம் வைக்காமல் ஊரைவிட்டுப் போயிருக்கிறான்.
இங்கே இருப்பவன்
இன்னும் ஒரு தப்பும் செய்யாதவன்.
இனிமேல்தான் செய்யப்போகிறவன்.

இருந்தும் சொன்னேன்.
ஆமாம், சொல்லியே விட்டேன்.
மெஷின், பனி, காது, எல்லாம்.
அவனுக்கு அழுகை வந்தது. ஊசி ஏறிய கையையே முஷ்டியாக மடக்கி
"எவன் அவன்? பெயரைச் சொல், ஜித்ரா" என்றான்.

கழிப்பறையில் நெடுநேரம் முகம் கழுவினேன்.
திரும்பி வந்தேன்.

"ஜித்ரா! தலைமுடியை ஏன் வெட்டினாய்?"

வெயில் காலத்துக்கு, என்றேன்.

கடைசிப் பேருந்து. கண்ணாடியில் என் உதடுகள்
தாமாகவே அசைகின்றன:
சாவி,
பாலம்,
ஆப்பிள்.
ஒன்றுகூடத் தொலையவில்லை.