மூன்று தட்டு

எங்கள் கட்டடத்துக்கு மட்டும்
பாட்டில்லாமல் வரும் அந்த வான்.

எக்ளிங்ரன் முழுக்க அதன் பாட்டுக் கேட்கும்.
முப்பத்தெட்டு விநாடி, திரும்ப முப்பத்தெட்டு,
தகரப்பேணிக்குள் யாரோ
கரண்டி விட்டுக் கிளறுவதுபோல் ஒரு மெட்டு.
மார்க்கம் வீதி வளைவில்
பெற்றோல் நிலையம் தாண்டியதும்
அப்பா அதை நிற்பாட்டுவார்.
அதற்குப் பிறகு அது வெறும் வெள்ளை வான்,
பக்கத்தில் பெயின்ற் உரிந்த ஐஸ்கிறீம் படம்.

நாலாம் மாடியில் அம்மா நித்திரை.
இரவு முழுக்கப் பாண் அடுக்கிவிட்டு
விடிய ஏழு மணி பஸ்ஸில் வந்து
யன்னலில் போர்வையை மாட்டி
மத்தியானத்தை இருட்டாக்கிப் படுத்திருப்பா.
கையில் ஈஸ்ட் மணம்.
தலைமாட்டில், ஐந்துக்கு முறுக்கிய மணிக்கூடு.

ஆகவே நான்தான் பாட்டு.

எட்டு வயது, றப்பர் செருப்பு.
வான் தெரிந்ததும் படியால் ஏறுவேன்
(லிப்ற் டிங் என்று காட்டிக்கொடுத்துவிடும்).
விரல்முட்டியால் கதவுக்கு மூன்று தட்டு,
கூடவும் இல்லை, குறையவும் இல்லை.
இரண்டாம் மாடியில் ஜோமாரும் தம்பியும்.
ஐந்தில் ஹோதன், முக்காட்டை இறுக்கிக்கொண்டு.
ஏழில் மயூரதன்; தட்ட முதலே
கதவு திறந்து காசு நீளும்.
ஒன்பதில் ஒரு கயானாக்காரி, அறுபது வயதிருக்கும்,
கீழே வந்து தினமும் பிஸ்தா கேட்பாள்,
இல்லையென்று தெரிந்தும்.

கீழே வரிசை.
பதினேழு பிள்ளைகள், ஒரு சத்தமில்லை.
ஒரு விரல் காட்டினால் வனிலா.
இரண்டு விரல் சொக்லற்.
இரண்டையும் பின்னிக் காட்டினால் கலந்தது.
காசில்லாதவன் நெஞ்சைத் தொடுவான்.
அப்பா காதிடுக்குப் பென்சிலை எடுத்து
சிகரெட் பெட்டி மட்டையில் ஒரு கோடு போடுவார்.
அந்தக் கோடுகளை அவர் கூட்டி நான் கண்டதில்லை.
பனயோட்டிஸுக்கு வான் வாடகை எண்ணும் இரவுகளிலும்
மட்டை சட்டைப்பைக்குள்ளேயே கிடக்கும்.

எனக்கு உடைந்த கோன்கள்.
ஒன்றும் உடையாத நாளில்
பெருவிரலால் ஒன்றை நசுக்கி
"பார், இதுவும் போச்சு" என்பார்.

ஆனி மாதம் ஒருநாள்
பள்ளிக்கூட வாசலில் முழுப் பாட்டோடு வந்து நின்றார்.
எல்லோரும் ஓடினார்கள்.
எனக்கு அந்தச் சத்தத்தில் அவரைப் பிடிக்கவில்லை.
அந்த ஆளைத் தெரியுமா என்று ஒருத்தி கேட்டாள்.
தெரியாது என்றேன்.
இதை வேறெங்கும் நான் எழுதவில்லை.

போன கோடையில், ஏஜக்ஸில், என் வீட்டுப் பின்வளவில்
அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தா.
தெருமுனையில் ஒரு ஐஸ்கிறீம் வான், வேறு மெட்டு.
பக்கத்து வீட்டுப் பெடியன் வெறுங்காலோடு ஓடினான்.
தலை நிமிராமல் அம்மா சொன்னா:

"பாட்டை நிற்பாட்டினால் போதுமோ?
அந்த வானின்ரை மோட்டர்
தண்ணி இறைக்கிற மெசின் மாதிரிக் கத்தும்.
ஒருநாளும் நான் நித்திரை கொண்டதில்லை.
உன்ரை செருப்பைத்தான் எண்ணிக்கொண்டு கிடப்பன்,
ஒன்பதாம் மாடி மட்டும்.
பிறகு கீழே அவ்வளவு பிள்ளையளும்
மூச்சுக் காட்டாமல் நிற்கிறது கேட்கும்.
எழும்பி யன்னலைத் திறக்கலாம்தான்.
திறந்தால் உங்களுக்கு எப்படியிருக்கும்?"

ஒரு தண்டை முறித்துச் சட்டிக்குள் போட்டா.

உள்ளே அப்பா. இப்போது காது மந்தம்.
வான் போய் வெகுநேரம் கழித்து
யன்னல் பக்கம் திரும்பி
என்ன என்பதுபோல் பார்த்தார்.

நாங்கள் இருவரும்
ஒன்றுமில்லை என்று கையாட்டினோம்.