சாப்பிட்டு இரண்டு மணி நேரம்

வெறும் வயிற்றில் ஒருமுறை கொடுத்தாயிற்று.
சிம்மக்கல் கடையில் நான்கு இட்லி,
ஆசைக்கு ஓர் ஊத்தப்பம்.
இனி இரண்டு மணி நேரம்
லேப் பெஞ்சில் நானும் என் ரத்தமும்.

கீழமாசி வீதி மண்டியில்
இருபத்தாறு வருஷம் அரிசி சுமந்த முதுகு.
பொன்னியா, இட்லி அரிசியா,
சாக்கைத் தொட்டாலே சொல்லிவிடுவேன்.
தோளில் ஏறியதெல்லாம் அன்றன்றைக்கே
லாரியில் இறங்கிவிட்டது.
இலையில் குவித்து, குழம்பூற்றி,
ரசத்துக்கு மறுபடி கேட்டு வாங்கியது
எங்கும் இறங்கவில்லையாம்.

ஊசி போடும் ஷகிலா பானு
சீட்டை நீட்டினாள்: முன்னூற்றுப் பன்னிரண்டு.
"சோத்தைக் குறைங்கண்ணே.
ஒரு கிண்ணம், மிச்சத்துக்குக் காய்."
ஒரு கிண்ணம்!
மண்டியில் எலி தின்று போகும் கணக்கு அது.

சிரித்துக்கொண்டே படியிறங்கினேன்.
யானைக்கல் தாண்டும்போது யாரோ கூப்பிட்டார்கள்:
இடக்கால் செருப்பு எங்கேய்யா?

கால் எனக்குச் சொல்லவேயில்லை.