கோணல் கோடு

பனிக்காலம் தொட்டு இருவருக்கும் பேச்சு இல்லை.
ஒரு பெட்டைக் குட்டி
எந்த ஆட்டின் வயிற்றுப் பிள்ளை என்பதில்
வத்ஹாவும், அவள் கணவனின் தங்கை தர்ஃபாவும்
ஹமாத் பாலையில் இரண்டு கிணறு தாண்டியும்
முகம் பார்க்கவில்லை.

ஆனால் மணலில் படுத்திருக்கும் தறிக்கு
ஒற்றை ஆள் போதாது.
நான்கு முளை அடித்தார்கள்.
இந்த முனையில் ஒருத்தி, அந்த முனையில் ஒருத்தி.
கறுத்த ஆட்டுமயிர் நூலுருண்டை
போனது, வந்தது.
"இழு."
நாள் முழுக்க அந்த ஒரு சொல்தான்.
அதையும் தறியைப் பார்த்தே சொன்னார்கள்.

கூடாரத்தில் வெயில் தின்ற பட்டை ஒன்று.
நண்பகலில் அதன் கீழே படுத்தால்
அம்மை போட்டதுபோல் உடம்பெல்லாம் வெளிச்சம்.
அதைப் பிரித்துவிட்டு
இதை வைத்துத் தைக்கவேண்டும்.
ஆண்டுக்கு ஒரு பட்டை.
வத்ஹா மணமாகி நுழைந்த கூடாரம்தான் இது,
அன்றிருந்ததில் ஒரு முழம்கூட இப்போது இல்லை.

மான்கொம்பால் ஊடையை அடித்து அடித்து
பதினோரு முழம் ஏறியிருந்தபோது
ஒட்டகத்தை மண்டியிட வைக்கும் முன்பே
மிஷ்ஹல் கத்தினான்:
மேற்கே மூன்று இரவாக மின்னல்!

முளை பிடுங்கினார்கள்.
பாதி துணி, பாதி நூல்,
செத்த பாம்பைச் சுருட்டுவதுபோலச் சுருட்டி
கிழட்டு ஒட்டகத்தின் விலாவில் கட்டினாள் தர்ஃபா.

நான்கு நாள் நடை.
புது மணலில் மறுபடி நான்கு முளை.
என்ன இழுத்தும் பழைய விறைப்பு வரவில்லை.
விட்ட இடத்தில் ஒரு கோடு விழுந்தது,
அவசரத்தில் தைத்த காயம்போலக் கோணலாக.
"இழு" என்றாள் இவள்.
"இழுத்துத்தான் பிடித்திருக்கிறேன்" என்றாள் அவள்.
ஒரு சொல் கூடிவிட்டது.
ஆறு வரி நெய்தபின்தான் அது இருவருக்கும் உறைத்தது.
உதட்டைக் கடித்துக்கொண்டார்கள்.

மழை நிஜமாகவே வந்தது.
ஆட்டுமயிர் நனைந்து, ஊதி,
துளைகளை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டது.
உள்ளே புகை, ஏலக்காய், ஈர ஆட்டு வாடை.
வழக்குக்குக் காரணமான குட்டி
யாரிடமும் ஒட்டாமல்
மாவுச் சாக்கை நக்கிக்கொண்டிருந்தது.

கோணல் கோட்டிலிருந்து ஒரு சொட்டு
தர்ஃபாவின் பிடரியில்.
இன்னொன்று.

அண்ணாந்து பார்த்தாள்.
"இது உன் முனை" என்றாள்.
"என் முனையா?"
காப்பிக் குவளையைக் கீழே வைத்தாள் வத்ஹா.

விடியும்வரை ஓயவில்லை,
மழையும்.