அரைப் பேர்

அந்த மே மாதம் குன்னூரில் எனக்குக் கொடுத்தது
ஒரு மேசை, இரண்டு புட்டி மை,
ஆங்கிலத்தில் நூற்றுப் பன்னிரண்டு பக்கம்.
"ஐக்கியத் திட்டம், மிஸ் ரத்தினாவதி.
மழை பிடிக்குமுன் தமிழில் வேண்டும்"
என்றார் லிண்ட்க்விஸ்ட் ஐயர்.

யுத்த காலம். ஊருக்குப் போகக் கப்பல் இல்லை.
எல்லா மிஷனும் மலையில்தான் இருந்தது.
மதுரை அமெரிக்கர், நாகர்கோயில் லண்டன்காரர்,
தரங்கம்பாடியிலிருந்து ஸ்வீடன்காரர்,
பாளையங்கோட்டையிலிருந்து வந்து
யாரோடும் காப்பி குடிக்காத ஒருவர்.
அடுத்த அறையில் மூன்று நாள் பேசினார்கள்,
யார் தலையில் யார் கைவைப்பது,
வைத்தால் எந்தக் கை முந்தி என்று.

நாலாம் நாள் பாத்திரம்.
ஒரே கிண்ணமா, ஆளுக்கொரு சின்னக் கண்ணாடியா?
சுகாதாரம் என்றார் டாக்டர்.
எங்கள் பக்கத்து ஆட்கள் இருவர்
சட்டென்று தலையாட்டினார்கள்.
எந்த உதட்டுக்குப் பின் எந்த உதடு என்பது
காசநோய்க்கும் முந்திய கணக்கு.
டாக்டருக்குத் தெரியாது.
எனக்குத் தெரியும்.
குறிப்பில் "சுகாதாரம்" என்றே எழுதினேன்.

ஒன்பதாம் பக்கத்தில் பேனா நின்றது.
அத்தியட்சர் என்றால் மதுரை முகம் சுளிக்கும்.
பிஷப் என்றே விட்டால் நான் எதற்கு?
தீமோத்தேயுவுக்கு எழுதின நிருபத்தைத் திறந்தேன்.
கண்காணி.
அப்போஸ்தலர் சொல்.
எந்த மிஷனும் பத்திரம் பதியாத சொல்.
எழுதி, அடியில் கோடும் போட்டேன்.

ஞாயிறு சாயங்காலம் பாறைமட்டம் எஸ்டேட்.
"ஜனங்கள் காதிலும் விழட்டும்" என்று
ஐயர் கூட்டிப்போனார்.
லைன் வீடுகளுக்கு நடுவே சாக்கு விரிப்பு,
ஒரு அரிக்கேன்,
இருமல்.
நான் வாசித்தேன்:
"சபைகள் யாவும் ஒரே கண்காணியின்கீழ்..."

கொழுந்து கிள்ளிக் கறுத்த விரலோடு
பாக்கியத்தாய் எழுந்தாள்.
"கோயில்லயும் கண்காணியா, டீச்சரம்மா?
அங்கயும் தராசுல கட்டைவிரல் வைப்பானா?
காய்ச்சல்னு பிந்தி வந்தா
பரலோகச் செக்ரோல்ல
அரைப் பேர் போடுவானா?"

யாரும் சிரிக்கவில்லை.
ஐயர் மட்டும் சிரித்த முகமாய் என் பக்கம் திரும்பி,
என்ன கேட்கிறாள் என்றார்.
ஆறு வருஷம் படித்த அவர் தமிழில்
தராசு வேதாகமத்தில் மட்டும் இருந்தது.
"ஒரு சொல்லில் சந்தேகம், ஐயா" என்றேன்.
பொய்யில்லை.
முழுசும் இல்லை.
அரைப் பேர்.

அவள் உட்காரவில்லை.
"போன ஐப்பசியில பேதி வந்தப்ப
லூத்தரன் குழி, லண்டன் குழின்னு தோண்டல.
மம்பட்டி ஒண்ணுதான் இருந்துச்சு.
அதுவும் எஸ்டேட்டு மம்பட்டி.
மறுநாள் பொழுதுக்குள்ள திருப்பலன்னு
ஆளுக்கு ரெண்டணா பிடிச்சது
இப்ப நீங்க வாசிச்ச ஆளுதான்."

திரும்பும் வழியில் தைலமர வாசனை.
ஐயர் இருட்டில் கேட்டார்:
"அவர்களுக்குப் பிடித்ததா?"
கீழே கடைசி ரயில்
பல்சக்கரம் கடித்துக் கடித்து ஏறிக்கொண்டிருந்தது.
அது என் சார்பில் பதில் சொன்னதாக
வைத்துக்கொண்டேன்.

ராத்திரி கண்காணியை அடித்தேன்.
வேறொன்று தோன்றவில்லை.
காலையில் கமிட்டி கேட்டது:
"இந்த இடம் ஏன் காலி?"
"அந்த வேலைக்கு இன்னும்
ஆள் கிடைக்கவில்லை" என்றேன்.
தமிழ் தெரிந்தவர்கள் குனிந்துகொண்டார்கள்.
தெரியாதவர்கள்
அது அச்சுப்பிழை என்று எழுதிக்கொண்டார்கள்.

பிற்பாடு யாரோ ஒரு சொல் வைத்தார்கள்.
நல்ல சொல்தான்.
லைன் வீட்டுக் கதவுக்குள்
குனியாமல் நுழைய முடியாத உயரம்.

என் கையெழுத்துப் பிரதி அவர்களிடம் இருக்கிறது.
ஒன்பதாம் பக்கம் திருத்தியாகிவிட்டது.
சுகாதாரம் மட்டும்
நான் எழுதினபடியே இருக்கிறது.