நூற்று முப்பத்தெட்டுக்குள்

மார்கழி முழுக்க மெதுவாக ஓட்டு
என்கிறது அட்டவணை.
இதயம் நிமிடத்துக்கு நூற்று முப்பத்தெட்டைத் தாண்டினால்
மணிக்கட்டில் கீச்சென்று ஒரு சத்தம்,
எலிக்குஞ்சை மிதித்ததுபோல.
போன பிப்ரவரியில் அஞ்செட்டி மேட்டில்
முதல் மைல்கல்லுக்குள் எல்லாரையும் முந்திவிட்டு
நாலாவதில் இறங்கித் தள்ளிக்கொண்டு போனவன் நான்.
அதனால் எதிர்த்துப் பேசவில்லை.

இரண்டாவது ஷிப்டு விட்டு வந்து
தூங்கியது மூன்றரை மணி நேரம்.
நாலே முக்காலுக்கு ஓசூரில்
டீ மாஸ்டர் பாலை ஆற்றிக்கொண்டே
என் தொடைகளைப் பார்க்காததுபோலப் பார்த்தார்.
"குளிரலயா?"
குளிருது.
பனியனுக்குள், வெறும் நெஞ்சின்மேல்
நேற்றைய பேப்பரை மடித்துச் செருகியிருந்தேன்,
இறக்கத்தில் காற்று எலும்புவரை போகாமலிருக்க.
கையில் அகப்பட்டது சந்தை விலைப் பக்கம்.

திம்மராயன் வரவில்லை.
காரை எலும்பு முறிந்து ஏழு வாரம்.
ரேஷன் கடைக்கு மேலே ஒற்றை அறையில்
வண்டியை உருளைமேல் ஏற்றி
சுவரைப் பார்த்து மிதிக்கிறான்.
ஊரே இரண்டு போர்வைக்குள் சுருண்டிருக்க
அவன் அறையில் மட்டும் மின்விசிறி ஐந்தில் சுற்றுகிறது.
ராத்திரியில் மாவு மில் ஓட்டுகிறான் என்று
பக்கத்து அறைக்காரர் ஓனரிடம் சொல்லிவிட்டாராம்.

கெலமங்கலம் சாலையில் மூடுபனி.
என் விளக்கு ஒரு முறம் அளவு தாரைத்தான் காட்டியது.
ரோஜாக் கூடாரங்கள் இருக்க வேண்டிய இடத்தில்
மருந்து வாசனை மட்டும் இருந்தது.
விரல்நுனிகளை யாரோ கழற்றி எடுத்துப் போயிருந்தார்கள்.
கியர் மாறிற்றா என்று
காலைத்தான் கேட்க வேண்டியிருந்தது.

மேட்டில் பின்னாலிருந்து மணிச்சத்தம்.
இரண்டு பால்கேன், கேரியரில் ஒரு மூட்டை தவிடு,
காதை மூடிய மப்ளர்.
பழைய இரும்பு சைக்கிள் என்னை முந்திப் போனது.
நூற்று முப்பத்தாறு.
என் வண்டி எட்டரைக் கிலோ,
தவணை இன்னும் பதினொன்று பாக்கி.
அவர் வண்டிக்குப் பின் பிரேக்கே இல்லை.
நூற்று முப்பத்தேழு.
பத்தே பத்து மிதி.
பத்தே பத்துதான்.
கீச்.
கீச் கீச்.

கேன்களுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டதும்
காற்றே இல்லை.
நூற்று முப்பத்தொன்று.
ஆறிய பால் வாசனை, நனைந்த தவிட்டு வாசனை.
"ஏமய்யா, பஞ்சரா?" என்றார் திரும்பாமல்.
இல்லண்ணா, ட்ரெய்னிங்.
"எதுக்கு?"
மெதுவா ஓட்டறதுக்கு.
கொஞ்ச தூரம் கேன்கள் மட்டும் பேசிக்கொண்டன.
பால் சொசைட்டி முன்னால் அவர் இறங்கினார்.
இவ்வளவு நேரம் அவர் முதுகு வாங்கிக்கொண்ட காற்று
மொத்தமாக வந்து என்மேல் சாய்ந்தது.

ராயக்கோட்டையில் மலைக்கு
இடுப்புக்குக் கீழே ஒன்றுமில்லை, பனிதான்.
மண்டி வாசலில் டெம்போ டெம்போவாகத் தக்காளி.
ஏலக்காரர் கனைத்துக்கொண்டு ஆரம்பித்தது கேட்டது,
முடித்ததும் கேட்டது:
நூற்றுத் தொண்ணூறு.
ஒரு பெண் தன் பெட்டிகளைத் திரும்ப எண்ணினாள்.
இரண்டு வாழைப்பழம் தின்றேன்,
தோலை எங்கே போடுவது என்று தெரியாமல்
பின்பாக்கெட்டில் வைத்துக்கொண்டு திரும்பினேன்.

வழியில் வெயில் வந்தது.
போனில் திம்மராயன்:
'128. தொண்ணூறு நிமிஷம்.
சுவர் அதே இடத்துலதான் இருக்கு.'

வீட்டில் பனியனைக் கழற்றினால்
பேப்பர் வேர்வையில் கூழாகி
நெஞ்சில் மை ஏறியிருந்தது,
இடம் வலமாகப் புரண்ட எழுத்து.
குளியலறைக் கண்ணாடியில் அது நேராக நின்றது:
தக்காளி, ராயக்கோட்டை, பெட்டி 340.

சோப்புக்கு முதலில் ஊர்ப்பெயர் போனது.
எண் போக
இன்னும் இரண்டு முறை தேய்க்க வேண்டியிருந்தது.